ஆறும்போது

மொட்டெங் கணவாயின் நான்காம் வளைவில்
முள் எழுந்தது.
எட்டாம் வளைவில் விழுந்தது.
சமதளம் வந்ததும் நடுவில் நின்று
ஒன்றும் நடக்காததுபோல என்னைப் பார்த்தது.

பதினைந்து இருக்கை, பதினெட்டுப் பேர்,
கூரைமேல் மக்காச்சோள மாவு மூட்டைகள்,
யாரோ வீட்டுக்கு ஒரு தகரக் கதவு.
ஜூன் மாதம். சாலையோரப் பனி
துவைக்கப் போட்ட துணிபோல அழுக்காகக் கிடந்தது.
மூன்று வாரமாக நான் சாலையைப் பார்க்கவில்லை.
நீலக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் நடுவே
சுண்டுவிரல் அகலத்தில்
குடியிருந்தேன்.

தெர்மோஸ்டாட் என்றான் ட்சேலிசோ.
மாற்றினோம்.
சென்சார் என்றான். அதையும்.
எர்த் வயரைச் சுரண்டி, துருவை ஊதி,
புது போல்ட் போட்டு முறுக்கினோம்.
ஃபேன் சுற்றியது. பம்ப் சொட்டவில்லை.
பிளாஸ்டிக் டாங்கில் பச்சைத் தண்ணீர்
காலையும் மாலையும் மேல்கோட்டில்,
முழு மார்க் வாங்கிய பிள்ளைபோல.
"தண்ணீர் இருக்கிறது புலெங்,
முள்தான் பொய் சொல்கிறது."

முள்ளின்மேல் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னான்
கட்டணம் வாங்கும் கபெலோ.
ஒட்டினேன். மறைப்பானேன்.
இரண்டு நாள் நிம்மதி.
மூன்றாம் நாள் என் மூக்கே முள்ளாகி
எல்லா வளைவிலும் ஆவி மணத்தைத் தேடி நடுங்கியது.
உரித்தெடுத்தேன்.
கண்ணாடியில் பசை இன்னும் இருக்கிறது.

துப்புக் கொடுத்தவர் என்ஜினைக் கண்ணால் கண்டதில்லை.
மொகொட்லொங் தபால் நிலையத்தில்
கடிதம் பிரிக்கும் மாட்லகாலா.
பின்னிருக்கை, ஹீட்டர் துவாரத்தின் பக்கம்,
கழுத்துவரை கம்பளி.
"உன் ஹீட்டருக்கு என்மேல் என்ன கோபம்?
ஏற்றத்தில் என் முழங்காலில் ஐஸ் ஊதுகிறது."
எந்த ஏற்றத்தில்?
"நீ கெட்ட வார்த்தை சொல்கிற ஏற்றத்தில்."

ஓரம்கட்டினேன்.
முள் சிவப்புக்குப் போகும்போது
ஹீட்டர் குளிரை ஊதுகிறதென்றால்
தண்ணீர் ஓட வேண்டிய குழாயில்
ஓடுவது தண்ணீர் இல்லை.
காற்று.
சென்சாரின் நுனி ஒரு நொடி தண்ணீரைத் தொடுகிறது,
மறுநொடி வெறுமையை.
முள் பொய் சொல்லவில்லை,
தொட்டதைத் தொட்டபடி சொன்னது.

மறுநாள் விடியலில்,
இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டும் குளிரில்,
ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன்.
விரல் விட்டேன். ஈரமில்லை.
இன்னொரு கணு. ஈரமில்லை.
ஒரு சாண் தள்ளி டாங்க் நிறைந்து நின்றது,
யாருக்கும் கொடாத தண்ணீரோடு.

இரண்டுக்கும் நடுவே ஒரு ரப்பர்க் குழாய்,
முழம்கூட இல்லை.
வளைத்தேன். கிளிப்புக்குக் கீழே
முடியளவு வெடிப்பு.

சூட்டில் அது ஒன்றிரண்டு சொட்டுக் கசிந்து
அங்கேயே காய்ந்துவிடும்.
ஆறும்போதுதான்,
ரேடியேட்டர் தாகமெடுத்து இழுக்கும்போதுதான்,
தண்ணீருக்குப் பதில் மலைக்காற்றை
மிடறு மிடறாகக் குடித்திருக்கிறது,
வண்டி நின்றபின்,
நாங்கள் படுத்தபின்.
மூன்று வாரம் சூட்டையே விசாரித்தோம்.
ஆறுவதை ஆறுதல் என்று எண்ணி
போர்வைக்குள் போனோம்.

பன்னிரண்டு மலோட்டிக்குக் குழாய்.
மூக்கு மேலே பார்க்க வண்டியைச் சரிவில் நிறுத்தி,
மூடி திறந்து, ஹீட்டரை முழுதாகத் திருகி,
என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு குமிழி, மாட்டின் ஏப்பம்போல.
ஊற்றினேன். இன்னொன்று.
கபெலோ எண்ணத் தொடங்கி
இருபத்தாறில் சலித்துப்போனான்.

முள் இப்போது நடுவில் நிற்கிறது.
நான்காம் வளைவில் பார்க்கிறேன், நிற்கிறது.
எட்டாம் வளைவிலும் பார்க்கிறேன்.
பழக்கம்.

மாட்லகாலாவிடம் கட்டணம் வாங்கினேன்,
மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கணவாயின் உச்சியில்
கம்பளியைக் களைந்து மடியில் போட்டுக்கொண்டு,
வேகிறது என்று திட்டி,
அவர் ஜன்னலைத் திறந்தார்.
பனி உள்ளே வந்தது.